புனைபெயரில் சொந்தக் கதை எழுதலாமா? ரங்கூனிலிருந்து ஒரு பதில்

எனக்கு வந்த கேள்வி இது: "நான் பர்மாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். என் கல்யாணம் முறிந்த கதை, மாமியார் வீட்டில் பட்டது, யுத்த காலத்தில் பாட்டி நடந்துபோன கதை எல்லாவற்றையும் இணையத்தில் தமிழில் எழுத ஆசை. சொந்தப் பெயரில் எழுதினால் வீட்டில் ரகளையாகிவிடும். புனைபெயரில் எழுதினால் கண்டுபிடித்துவிடுவார்களா? படிக்கிறவர்களை அது ஏமாற்றுவது ஆகாதா? என்ன பெயர் வைத்துக்கொள்ளலாம்?"

கேட்டவர் தன் ஊரையும் வேலையையும் சொல்லியிருந்தார். இரண்டையும் எடுத்துவிட்டேன். அந்த இரண்டு விவரம் போதும், நம் ஆட்கள் அரை மணி நேரத்தில் யாரென்று சொல்லிவிடுவார்கள்.

தங்கச்சி, பெயரைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில், யாருக்குத் தெரியக் கூடாது என்று தீர்மானியுங்கள். மாமியார் வீட்டுக்கா, உங்கள் பக்கத்துச் சொந்தங்களுக்கா, வேலை பார்க்கும் இடத்துக்கா, அரசாங்கத்துக்கா, முன்பின் தெரியாத வாசகருக்கா? எல்லாருக்கும்தான் என்பீர்கள். ஆனால் புனைபெயர் எல்லாரிடமும் ஒரே மாதிரி வேலை செய்யாது. முன்பின் தெரியாதவரிடம் அது நன்றாகவே மறைக்கும். உங்கள் பெயரைப் போட்டுத் தேடும் முதலாளிக்கும், நாளைக்கு வரப்போகிற சம்பந்தக்காரர்களுக்கும் ஒன்றும் கிடைக்காது. சொந்தக்காரர்களிடம் பெயர் மட்டும் போதவே போதாது. அரசாங்கத்திடம் சுத்தமாகச் செல்லாது. சிம் கார்டே அடையாள அட்டை எண்ணோடு பதிவாகியிருக்கிறது. அந்த சிம்மின் போன் எண்ணில்தான் உங்கள் மின்னஞ்சலும் ஃபேஸ்புக்கும் நிற்கின்றன. அதனால் அரசியலும் ராணுவமும் வருகிற கதையைப் புனைபெயரை நம்பி எழுத வேண்டாம். 2021 பிப்ரவரியில் தண்டனைச் சட்டத்தில் சேர்த்த 505-ஏ பிரிவில், மக்களைப் பயமுறுத்தும் பேச்சு, பொய்ச் செய்தி என்று சொல்லியே மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. நீங்கள் கேட்டது குடும்பக் கதை என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

ஏமாற்றுவதா என்ற கேள்விக்கு வருவோம். பர்மாத் தமிழர்களான நாம் இதைக் கேட்பதே வேடிக்கைதான். நம்மில் பாதிப் பேருக்குப் பள்ளிக்கூடத்திலும் அடையாள அட்டையிலும் ஒரு பர்மியப் பெயர், வீட்டிலும் கோயில் அர்ச்சனையிலும் ஒரு தமிழ்ப் பெயர். இதில் எது பொய்ப் பெயர்? பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அவர்களுடைய எழுத்தாளர்கள் பலர் புனைபெயரால்தான் அறியப்பட்டவர்கள். பத்திரிகைப் பெயரை முன்னால் போட்டுக்கொண்டவர்கள் உண்டு, லூடு டோ அமா மாதிரி. பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்று காட்ட டெக்கத்தோ என்று போட்டுக்கொண்டவர்கள் ஒரு வரிசை. பர்மியக் கவிஞர் தகின் கொடோ மைங் ஒரு நாவலில் வந்த பெண்பித்தனின் பெயரை எடுத்து, வெள்ளைக்காரப் பாணியில் பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்' போட்டுக்கொண்டு திரிந்தவர்களைக் கிண்டல் செய்ய 'மிஸ்டர் மவுங் மைங்' என்று எழுதினார். ஊரே அந்தப் பெயரில்தான் அவரைப் படித்தது.

உங்கள் விஷயத்துக்கு இவர்களைவிட நெருக்கமானவர் தெய்ப்பன் மவுங் வா என்ற பர்மிய எழுத்தாளர். அசல் பெயர் ஊ செய்ன் டின், வெள்ளைக்கார ஆட்சியில் ஐ.சி.எஸ். அதிகாரி. மாவட்டங்களில் வேலை பார்த்தபடி, அங்கே கண்டதையும் வீட்டில் நடந்ததையும் சின்னச் சின்னச் சித்திரங்களாக எழுதினார். அவற்றில் வருகிற அதிகாரியின் பெயர் மவுங் லூ ஏ. அதாவது எழுதுகிறவருக்கு ஒரு பெயர், எழுத்துக்குள் தானாக வருகிற பாத்திரத்துக்கு இன்னொரு பெயர். இப்படி இரட்டைத் திரை போட்டது பயத்தால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. தன்னைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திப் பார்க்க அது உதவியிருக்கிறது. தன் சோம்பலையும் தன் மீது தனக்கிருந்த பெருமையையும் சேர்த்தே கிண்டல் செய்கிறார். 'நான்' என்று எழுதியிருந்தால் அது வந்திருக்குமா என்பது சந்தேகம். 1942 ஜூனில் ஒரு கொள்ளைக் கும்பல் அவரைக் கொன்றது. அதுவரை எழுதினார். நீங்களும் 'நான்' என்று தொடங்கி முட்டிக்கொண்டால், உங்களுக்கு ஒரு பாத்திரப் பெயர் கொடுத்து எழுதிப் பாருங்கள்.

எல்லாப் புனைபெயரும் மறைந்துகொள்ளத்தான் என்றில்லை. குமுதத்தில் ஏற்கெனவே ஒரு ரங்கராஜன் இருந்ததால் இன்னொரு ரங்கராஜன் மனைவி பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். துவரங்குறிச்சியில் ரொக்கையா, வீட்டுக்குத் தெரியாமல் எழுதத்தான் சல்மா என்ற பெயரை எடுத்தார். பிறகு அந்தப் பெயரிலேயே ஊரறிந்தவராகவும் ஆனார். நீங்கள் சேரவேண்டிய வரிசை இரண்டாவது.

ஏமாற்று எங்கே தொடங்குகிறது என்றால், பெயரை மாற்றுவதில் அல்ல, ஆளையே மாற்றுவதில். 2011-ல் டமாஸ்கஸில் வாழும் அமினா என்ற பெண் எழுதுவதாக உலகமே ஒரு வலைப்பதிவைப் படித்தது. ஒரு நாள் அவளைக் கடத்திவிட்டார்கள் என்று செய்தி வந்தது. முன்பின் பார்க்காத மக்கள் அவளுக்காகப் போராட்டம் தொடங்கினார்கள். கடைசியில் பார்த்தால் எழுதியது எடின்பரோவில் படித்துக்கொண்டிருந்த ஒரு அமெரிக்க ஆண். உண்மையிலேயே சிறையில் கிடந்தவர்களுக்காகச் செலவாகியிருக்க வேண்டிய அக்கறை வீணாய்ப் போனது. இதோடு உங்கள் கதையை ஒப்பிட்டுக் கவலைப்பட ஒன்றுமில்லை. பக்கத்தின் முகப்பில் "நடந்த கதைகள், பெயர்களும் சில விவரங்களும் மாற்றப்பட்டுள்ளன" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள், போதும். அந்த வரியைப் போட்ட பிறகு நடக்காததை நடந்தது என்று எழுதாதீர்கள். அவர் ஒரு தடவை கை ஓங்கினார் என்றால் ஒரு தடவைதான்.

இனிமேல்தான் கஷ்டமான பகுதி, சொந்தக்காரர்கள். நம் ஜனம் சின்ன ஜனம். பங்குனி உத்திரத்துக்கும் தீமிதிக்கும் ஒரே கோயிலில் கூடுகிறோம். ஒரு கல்யாண மண்டபத்துக்குள் போனால் பாதிப் பேர் உறவு, மீதிப் பேர் உறவுக்கு உறவு. இதில் "தராவடிப் பக்கம் அரிசி மில் வைத்திருந்த பெரியப்பா, மூன்று பெண், கடைசிப் பையனுக்குக் காது கேட்காது" என்று எழுதிவிட்டு, பெரியப்பா பெயரை மட்டும் மாற்றி என்ன பிரயோசனம்? ஒவ்வொரு விவரமும் தனியாகப் பார்த்தால் நூறு வீட்டுக்குப் பொருந்தும். நான்கும் சேர்ந்தால் ஒரே வீடு. காட்டிக்கொடுப்பது பெயரல்ல, விவரங்களின் சேர்க்கை. புனைபெயரில் எழுதி மாட்டிக்கொண்டதாக நான் கேள்விப்பட்ட அநேகக் கதைகள் இந்த வகைதான்.

ஆகவே நான்கில் இரண்டையாவது உடைக்க வேண்டும். உடைக்கும்போது யோசித்து உடையுங்கள். அரிசி மில்லை அப்படியே தூக்கி மாந்தளையில் வைத்தால் படிக்கிற பர்மாத் தமிழருக்கு இடிக்கும். மோல்மீனுக்குக் கொண்டுபோனால் மர ஆலையாக மாற்றிவிடலாம், அங்கே அது இயல்பு. மாந்தளைக்கு என்றால் துணிக்கடை வையுங்கள். மூன்று பெண்ணை இரண்டாக்குங்கள். ஆனால் கடைசிப் பையனின் காதுதான் கதையே என்றால் அதைத் தொடாதீர்கள், சுற்றியிருப்பதை இன்னும் அதிகமாக மாற்றுங்கள். திருவிழா வந்தால் மாதத்தைச் சொல்ல வேண்டாம். மாதத்தை வைத்தே எந்த ஊர்க் கோயில் என்று கண்டுபிடிக்கிற அத்தைகள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

பர்மாவையே அழித்துவிட்டுப் பொதுவான தமிழ்நாட்டுக் கதையாக எழுதலாமே என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். மோஹிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸும் லட்பேட் என்ற ஊறவைத்த தேயிலையும் இல்லாமல், சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே புத்தர் பகோடாவுக்கும் போய்வருகிற நம் வழக்கம் இல்லாமல், நீங்கள் எழுதுவது நூறு பேர் எழுதியதாகவே இருக்கும். நாட்டை வைத்துக்கொள்ளுங்கள், ஊரை மாற்றுங்கள்.

நேற்று நடந்த சண்டையை இன்று போடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். விவரத்தை எவ்வளவு மாற்றினாலும் தேதி காட்டிக்கொடுத்துவிடும். சண்டைக்கும் கதைக்கும் நடுவில் ஒரு திருவிழாவாவது போகட்டும். ஆறின பிறகு எழுதினால் எழுத்தும் நன்றாக வரும்.

தமிழில் எழுதினால் பாதிப் பேருக்குப் படிக்கவே தெரியாதே என்ற நம்பிக்கையும் உங்களுக்கு இருக்கலாம். ஓரளவு நிஜம்தான். இங்கே தமிழ் பேசுகிற இளைஞர்களில் பலருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. ஆனால் ஃபேஸ்புக்கில் மொழிபெயர்ப்புப் பொத்தான் இருக்கிறது. அதற்கும் மேலே, படித்துக் காட்ட ஒரு பெரியம்மா எப்போதும் கிடைப்பார்.

பாட்டி கதையைப் பற்றிச் சொல்கிறேன். இதில் என் கருத்து கொஞ்சம் வேறு. 1941 டிசம்பர் 23-ல் ரங்கூன் மேல் குண்டு விழுந்ததிலிருந்து அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் இந்த நாட்டை விட்டுக் கிளம்பினார்கள். கப்பல் கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும், எல்லை ஊரான தமு தாண்டி மணிப்பூருக்கும், வடக்கே ஹூக்காங் பள்ளத்தாக்கு வழியாக அஸ்ஸாமுக்கும் நடந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. அதே மாதிரி 1964-ல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டதும், அந்த மே மாதம் ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் செல்லாமல் போனதும், கப்பலேறியவர்கள் நகையைத் துறைமுகத்தில் விட்டுப் போனதும். இந்தக் கதைகளுக்குப் புனைபெயர் வேண்டாம். பாட்டியின் பெயர், அவர் கிளம்பிய ஊர், போன வழி, கூட வந்து வழியில் இறந்தவர்களின் பெயர், எல்லாம் நிஜமாகவே இருக்கட்டும். காரைக்குடியிலோ சென்னையிலோ யாரோ ஒருவர் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டிருக்கலாம். பெயரை மாற்றிவிட்டால் அவர் கண்ணில் அது படவே படாது.

அப்படியானால் இரண்டு கணக்கு. யுத்தகாலக் கதை சொந்தப் பெயரில், கல்யாணக் கதை புனைபெயரில். இரண்டிலும் ஒரே பாட்டி வரக் கூடாது! இது பலருக்கு உறைப்பதில்லை. சொந்தப் பெயரில் "பாட்டி தமு வழியாக நடந்தபோது வெண்கலச் சொம்பை விடாமல் தூக்கிப் போனார்" என்று எழுதுவீர்கள். அடுத்த வருடம் புனைபெயரில் மாமியார் வீட்டு அலமாரியில் அதே சொம்பு வந்து நிற்கும். இரண்டையும் படித்தவருக்கு வேறு ஆதாரமே தேவையில்லை. சொம்பு, வீட்டில் மட்டும் வழங்கும் பட்டப்பெயர், தாத்தா அடிக்கடி சொல்லும் பழமொழி, இந்த மாதிரிச் சாமான்களை எந்தக் கணக்கில் போடுவது என்று முன்கூட்டியே பிரித்துவிடுங்கள். கல்யாணக் கதைக்குப் பாட்டி அவசியம் என்றால் அவரைச் சித்தியாக்குங்கள்.

எழுத்து நடையை வைத்துக் கணினி கண்டுபிடித்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். ஹாரி பாட்டர் எழுதிய ரௌலிங், ராபர்ட் கால்பிரெய்த் என்ற பெயரில் துப்பறியும் நாவல் எழுதியது 2013-ல் வெளியே தெரிந்தபோது அப்படி ஒரு சோதனையும் நடந்தது உண்மை. ஆனால் அந்தச் சோதனைக்கு முன்பே ஒரு துப்பு வந்திருந்தது. அவருடைய வக்கீல் ஒருவர் தன் மனைவியின் சிநேகிதியிடம் சொல்லி, அந்த அம்மாள் ட்விட்டரில் போட்டுவிட்டார். நீங்கள் பயப்படவேண்டியதும் அந்தச் சிநேகிதிக்குத்தான். ஒருவருக்குச் சொல்லலாம், முதல் பிரதியைப் படித்து "இது இன்னார்தானே?" என்று கேட்கிற ஆளாகப் பார்த்து. இரண்டாவது ஆளுக்குச் சொன்னால் அது ரகசியம் இல்லை.

தொழில்நுட்ப விஷயம் கொஞ்சம்தான், ஆனால் முக்கியம். புனைபெயருக்கென்று தனி மின்னஞ்சல் தொடங்குங்கள். சொந்த அக்கவுண்டில் உள்ள படம் எதையும் அங்கே போடாதீர்கள், படத்தை வைத்தே தேட வழி இருக்கிறது. ஃபேஸ்புக் தனிநபர் கணக்குக்கு வழக்கத்தில் உள்ள பெயரைத்தான் கேட்கும். சந்தேகம் வந்தால் அடையாளச் சான்று கேட்டுக் கணக்கை முடக்கும். அதனால் புனைபெயருக்குத் தனிநபர் கணக்கை விடப் பேஜ் நல்லது, அதை நடத்துவது யார் என்று வெளியே காட்டாது. இங்கே 2021 பிப்ரவரியிலிருந்து ஃபேஸ்புக் தடுக்கப்பட்டிருக்கிறது. 2025-ல் போட்ட இணையப் பாதுகாப்புச் சட்டம் தடையைச் சுற்றிப் போக உதவும் விபிஎன் சேவையை அனுமதியில்லாமல் கொடுப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. நிலைமை உங்களுக்கே தெரியும். பாஸ்வேர்டு, போன் திறந்திருக்கும் நேரம், வழியில் சோதனை என்று எல்லாவற்றையும் நினைத்து முடிவெடுங்கள். டெலிகிராமில் எழுதுவதானால் போன் எண் யாருக்கும் தெரியாதபடி அமைப்பில் மாற்றிவிடுங்கள். வைபரைப் புனைபெயருக்குப் பயன்படுத்தவே வேண்டாம், அது முழுக்க எண்ணை வைத்து ஓடுவது. வேர்டு ஃபைல் அனுப்பினால் அதன் பண்புகளில் கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும் உங்கள் பெயர் ஒட்டிக்கொண்டு போகும். கூகுள் டாக் பகிர்ந்தால் எந்தக் கணக்கு என்று தெரியும். இவை எல்லாவற்றையும்விட அதிகமாக ஆளைப் பிடித்துக் கொடுப்பது அவசரம். பேஜில் வந்த கமெண்டுக்குச் சொந்தக் கணக்கிலிருந்தே பதில் போட்டுவிடுவார்கள். இரண்டு கணக்கையும் ஒரே போனில் திறந்து வைக்காதீர்கள்.

சட்டத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "நடந்ததைத்தானே எழுதினேன்" என்பது இங்கே முழுத் தற்காப்பு ஆகாது. பர்மாவின் தண்டனைச் சட்டம் பழைய இந்தியச் சட்டத்தின் அச்சு. அவதூறு பற்றிய 499-ம் பிரிவில், உண்மையாக இருப்பதோடு பொது நன்மைக்காகவும் சொல்லப்பட்டிருக்க வேண்டும். மாமியார் வீட்டுச் சண்டையில் பொது நன்மை இருக்கிறது என்று நீதிமன்றத்தை நம்பவைப்பது லேசில்லை. இறந்தவரைப் பற்றி எழுதியதும், குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கத்தோடு எழுதியிருந்தால், அதே பிரிவுக்குள் வரலாம். இணையத்தில் எழுதுவதற்குத் தனியாக 2013 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 66-டி இருக்கிறது. முதலில் மூன்று ஆண்டு, 2017 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டு வரை சிறை. அந்தத் திருத்தத்தில் ஒரு நல்லதும் நடந்தது. முன்பு யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம், இப்போது பாதிக்கப்பட்டவரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோதான் கொடுக்க முடியும். அந்த ஒரு ஆள் தன்னை அடையாளம் கண்டுகொள்ளாதபடி எழுதிவிட்டால் புகாருக்கு இடமில்லை. பெரியப்பாவின் அரிசி மில்லை நான் அவ்வளவு நேரம் புடைத்தது இதற்காகவும்தான். பிரச்சினை வருகிற மாதிரி இருந்தால் வக்கீலைப் பாருங்கள், என் பதிலைக் காட்டித் தப்ப முடியாது.

குழந்தை இருந்தால் இன்னொரு கணக்கு. கணவர் பெரியவர், தன்னைப் பார்த்துக்கொள்வார். இன்றைக்கு ஐந்து வயதில் இருக்கும் பிள்ளை, பதினைந்து வயதில் தன் படுக்கை நனைந்த கதையையும் அப்பா அம்மா சண்டையையும் வகுப்புத் தோழன் போனில் படிக்கும். பிள்ளையைப் பற்றி அந்தப் பிள்ளையே படித்துச் சங்கடப்படாததை மட்டும் எழுதுங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

சரி, பெயர். அம்மா பெயர், பிள்ளை பெயர், குலதெய்வத்தின் பெயர் வேண்டாம், முதலில் சந்தேகப்படுவதே அதைத்தான். ஊர்ப் பெயரை முன்னால் போடுவது தமிழிலும் பர்மியத்திலும் அழகான வழக்கம், உங்களுக்கு ஆகாது. ஆண் பெயரில் எழுதலாமா என்றால் எழுதலாம், ஆனால் எழுதப்போவது மருமகளாக வாழ்ந்த கதை. மூன்றாவது பத்தியில் குட்டு உடையும். 'நிலாமகள்', 'மழைத்தூறல்' மாதிரிப் பெயர்கள் ஆயிரம் இருக்கின்றன, தேடினால் உங்களைத் தவிர எல்லாரும் வருவார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இருக்கக்கூடிய சாதாரணப் பெயராக ஒன்றை எடுங்கள். பர்மியப் பெயரும் எடுக்கலாம், தமிழில் எழுதுகிற பர்மியப் பெயருக்கு ஒரு தனி ஈர்ப்பு உண்டு. எதுவானாலும் தமிழ், பர்மிய, ஆங்கில எழுத்து மூன்றிலும் தேடிப் பார்த்து, அந்தப் பெயரில் உயிரோடு இருக்கிற வேறு எழுத்தாளர் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம் வையுங்கள்.

எழுதத் தொடங்கினால் கடிதங்கள் வரும். "எனக்கும் இப்படித்தான் அக்கா" என்று பெண்கள் எழுதுவார்கள், அவர்களுக்கு நிதானமாகப் பதில் போடுங்கள். அவர்கள் சொன்னதை அடுத்த கதைக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். நேரில் பார்க்கலாமா என்று கேட்கிற ஆண்களுக்குப் பதிலே வேண்டாம். "நீ யாரென்று எனக்குத் தெரியும்" என்று ஒன்று வந்தால் ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லாதீர்கள். முக்கால்வாசி வெறும் ஊகம், நீங்கள் பதறினால்தான் அது உறுதியாகும். பயந்து பதிவை அழித்தாலும் ஸ்கிரீன்ஷாட் எங்காவது இருக்கும் என்று நினைத்தே முதலில் வெளியிடுங்கள்.

நாளைக்குச் சென்னைப் பத்திரிகை ஏதாவது கதையைக் கேட்டால் ஆசிரியருக்கு மட்டும் நிஜப் பெயரைச் சொல்லவேண்டி வரும், சன்மானம் நிஜப் பெயரில் இருக்கிற கணக்குக்குத்தானே போகும். புனைபெயரில் எழுதினாலும் எழுத்து உங்கள் சொத்துதான். இங்கே 1914-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம் 2023 அக்டோபர் 31 முதல் நடப்பில் இருக்கிறது. இந்தியச் சட்டத்தில் புனைபெயரில் வெளியான எழுத்துக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம் உரிமை உண்டு. எழுதியது நீங்கள்தான் என்று ஒரு நாள் காட்டவேண்டி வந்தால் கைப்பிரதியும், தேதியோடு உங்களுக்கு நீங்களே அனுப்பிய மின்னஞ்சலும் உதவும், ஆகவே பழைய பிரதிகளைத் தூக்கிப் போடாதீர்கள். கூகுள் கணக்கில், நீங்கள் 3, 6, 12 அல்லது 18 மாதம் உள்ளே வராவிட்டால் இன்னாருக்குச் சேரட்டும் என்று குறித்துவைக்கும் வசதியும் இருக்கிறது. முதல் பிரதியைப் படிக்கப்போகிற அந்த ஒருவரின் பெயரையே அதில் போட்டுவிடுங்கள்.